ஆடாத கைக்கு வைத்த காந்தம்

"வலது கை எது, இடது கை எதுன்னு தெரியாத ஒரு மனுசன நீ எங்கயாச்சும் பாத்திருக்கியா கண்ணு? பாத்ததில்லல்ல? அதோ பாரு. முன்னாடி, ஜன்னலோரம், வெள்ளத் தொப்பி, மடியில பச்சத் துண்டு. நல்லாப் பாத்துக்க. இந்த ஜில்லாவுலயே அப்பிடி ஒரே ஒரு ஆளுதான் இருக்காரு. அந்த ஒண்ணும் எனக்குன்னு வந்து வாச்சிருக்குது!"

ஓசூர் நிலையத்திலிருந்து கிருஷ்ணகிரி வண்டி இன்னும் நகரவே இல்லை. நடத்துநர் கீழே நின்று டீயை ஊதிக்கொண்டிருந்தார். அதற்குள் சுக்ரா பக்கத்துச் சீட்டுப் பெண்ணிடம் வழக்கைத் தொடங்கியாயிற்று. அந்தப் பெண் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, ஷிப்டு முடித்த களைப்போடு காதில் ஒயரை மாட்டப் போனவள். கை பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டது. சேர்ந்தாற்போல இரண்டு இடம் கிடைக்காததால் சுக்ராவின் வீட்டுக்காரர் ஷேக் தாவூத் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். நாகரசம்பட்டி மாங்காய் வியாபாரி என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. தான் பேசுவது அவர் காதில் விழக்கூடாது என்ற எண்ணமெல்லாம் சுக்ராவுக்கு இல்லை. விழ வேண்டும், அதற்குத்தானே இவ்வளவு சத்தம்.

"உனக்குத் தூக்கம் வருதா? வரலல்ல? நல்லது. கேளு. இவுருக்கு நடுக்க நோவு. பார்க்கின்சன்னு பேரு. பேரு மட்டும் கோட்டு சூட்டு போட்ட மாதிரி வந்து நிக்குது, செய்யறது பூராப் பொறுக்கித்தனம்! மொதல்ல வலது கட்ட வெரலு தன்னால ஆடுச்சு. தாளம் போடறாருன்னு நெனச்சேன். அப்பறம் கை பூரா ஆடுது. மாத்திர குடுத்தாங்க. அது கேக்கற நேரம் கேக்குது, கேக்காத நேரம் மாமியா வூட்டுக்குப் போன மாதிரி முறுக்கிக்குது. கொரலும் எறங்கிப் போச்சு. முன்னெல்லாம் இவுரு மண்டியில ஒரு கொரல் குடுத்தா வெளிய ரோட்டுல போற லாரி நிக்கும். இப்ப வாய்கிட்ட காத வெச்சாத்தான் கேக்கும். நான் எங்க காத வெக்கறது? எனக்கு வேல இல்லயா? அதனால அவுரு சொல்ல வர்றத நானே சொல்லிடறது. முப்பது வருசத்துக்கு மேல குடும்பம் நடத்துறேன், அவுரு என்ன சொல்வாருன்னு எனக்குத் தெரியாதா?

"கைதானே, ஆடுனா ஆடிட்டுப் போவுதுன்னு வுட்டுடலாம். ஆனா இவுரு தொழிலு கையில இருக்குது கண்ணு. எங்க மண்டியில மாங்கா வெலய வாயால பேச மாட்டாங்க. துண்டப் போத்தி, அதுக்குள்ள கைய வுட்டு, வெரலப் புடிச்சுத்தான் பேரம். சுத்தி நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. இந்த வெரலப் புடிச்சா இவ்வளவு, அந்த வெரல மடக்குனா அவ்வளவு. எல்லாம் ஒத்து வந்துச்சுன்னா கையப் புடிச்சு ஒரு குலுக்கு. குலுக்குனா முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதுக்கு மேல படைச்சவனே வந்தாலும் மாத்த முடியாது.

"இப்பப் புரியுதா? சிரிக்கறியே! ஆமா, அதேதான்! போன சீசன்ல ஒரு நாளு, தோத்தாபுரி ஒரு லோடு. பேரமே ஆரம்பிக்கல. இவுரு துண்டுக்குள்ள கைய வுட்டாரு. கை தன்னால குலுங்கிருச்சு! எதிராளு, 'சரி பாய், முடிஞ்சுது'ன்னு துண்ட உருவிட்டான். அவன் கேட்ட வெலைக்குப் போச்சு சரக்கு. ஏம்ப்பா, நான் குலுக்கல, என் நோவு குலுக்குச்சுன்னு ஒரு வார்த்த சொல்லலாமில்ல? சொல்லலயே இந்த மகராசன்! 'துண்டுக்குள்ள குலுக்குனா குலுக்குனதுதான்'னுட்டு எந்திரிச்சு வந்துட்டாரு. வந்து பேரத் துண்ட ஆணியில மாட்டுனவருதான், அப்பறம் மண்டிப் பக்கமே போவல."

வண்டி நகர்ந்தது. சுக்ராவின் பேச்சுக்கு எஞ்சின் சத்தம் கூடுதலாகச் சுதி சேர்த்தது. அவள் குரலை இன்னும் கொஞ்சம் ஏற்றினாள்.

"போவலன்னா எங்க இருப்பாரு? வூட்டுல! வூட்டுல எங்க? என் அடுப்படியில! முக்காலி போட்டுக் குந்திக்கிட்டு என் கத்திரிக்காயத் தரம் பிரிக்கறாரு கண்ணு. இது மொத ரகம், இது கழிவு. என் வெங்காயத்த மோந்து பாத்துட்டு நேத்து சரக்குங்கறாரு. முணுமுணுன்னு வேற. என்ன சொல்றாருன்னும் கேக்காது, திட்டறாரா கொஞ்சறாரான்னும் தெரியாது! இப்ப மாம்பூ உதுந்து பிஞ்சு புடிச்சிருக்குது. பிஞ்சு பெருத்து மண்டி தொறக்கறதுக்குள்ள இந்தக் கை கொஞ்சம் அடங்கணும். அடங்குனா மனுசன் துண்ட எடுத்துக்கிட்டு மண்டிக்குப் போவாரு. அவுரு முகத்துல பழைய வெளிச்சம் வரும். எனக்கு என் அடுப்படி திரும்பி வரும். அவ்வளவுதான் நான் கேக்கறது. இது பேராசயா? நீயே சொல்லு. இல்லல்ல?

"அதுக்குத்தான் ஓசூருக்கு வந்தது. இங்க ஒரு ஆஸ்பத்திரியில காந்தம் வெச்சு மூளயத் தட்டிப் பாக்கறாங்க. அய்யோ, பயப்படாத! கத்தி இல்ல, ஊசி இல்ல, மயித்த மழிக்கறது கூட இல்ல. எட்டுப் போட்ட மாதிரி ரெண்டு வளையம். அதத் தலை மேல வெச்சு டப்பு டப்புன்னு அடிப்பாங்க. கொல்லன் பட்டற பொம்ம சைசுல இருந்தா எப்பிடி, அப்பிடி ஒரு சத்தம். காதுக்குப் பஞ்சு குடுத்துடுவாங்க. சுஜாதான்னு ஒரு டாக்டரம்மா, தங்கமான பொண்ணு, மொத நாளே சொல்லிட்டாங்க, 'அம்மா, இது நோவ வேரோட புடுங்கறது இல்ல. நடுக்கமும் வெறப்பும் கொஞ்சம் கொறயுதான்னு பாக்கறோம். ஆராய்ச்சி. ஒருத்தருக்குக் கேக்கும், ஒருத்தருக்குக் கேக்காது'ன்னு. சரிம்மா, எங்க வூட்டுல நான் சொன்னாக் கூடத்தான் ஒரு நாளு கேக்குது ஒரு நாளு கேக்கலன்னேன். அந்தம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே!

"ஆனா எடுத்த ஒடனே காந்தத்த வெக்க மாட்டாங்களாம். அங்கதான் கம்ப்யூட்டரு வருது. எல்லாருக்கும் ஒரே எடத்துல வெச்சா ஆவாதாம். ஒவ்வொருத்தரு மண்டயும் ஒவ்வொரு தினுசாம். ஒருத்தருக்கு ஓடு தடிப்பு, ஒருத்தருக்கு உள்ள தண்ணி அதிகம், ஒருத்தருக்கு மடிப்பு வேற மாதிரி. அதனால இவுரக் குழாய்க்குள்ள படுக்க வெச்சு ஸ்கேன் எடுத்து, அத வெச்சு இவுரு தலைய அப்பிடியே கம்ப்யூட்டருக்குள்ள செஞ்சுட்டாங்க! அச்சு அசல்! மூக்கு கூட இதே சப்ப மூக்கு. அந்தக் கம்ப்யூட்டர் தலைக்கு மொதல்ல காந்தம் வெச்சுப் பாப்பாங்களாம். இங்க வெச்சா கரண்டு எங்க போவுது, கொஞ்சம் சாச்சு வெச்சா எங்க போவுதுன்னு. சரியான எடம் சிக்குனப்பறந்தான் நெசத் தலைக்கு.

"செஞ்சது யாரு தெரியுமா? ஹரீஷ்குமாருன்னு ஒரு பையன். முன்னாடி இந்த ஓசூர்லயே மோட்டாரு கம்பெனியில இருந்தானாம். கரண்டு வண்டி மோட்டாருக்குள்ள காந்தம் எங்க எவ்வளவு ஓடுதுன்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போடற வேல. இப்ப மண்டைக்குப் போடறான். ரெண்டும் ஒண்ணாடா தம்பின்னு கேட்டேன். 'கணக்கு ஒண்ணுதாம்மா, மண்ட கொஞ்சம் ஈரமா இருக்குது, அதான் வித்தியாசம்'ங்கறான்! நான் குந்தியிருந்த நாற்காலியில இருந்து விழாத கொற.

"திரையில காட்டுனான் பாரு... அல்லா, என்ன அழகு! தலைய மாங்கா மாதிரி அடுக்கடுக்காப் பிரிச்சு வெச்சிருக்கான். மேல தோலு, அப்பறம் ஓடு, அப்பறம் தண்ணி, அப்பறம் சத. எல்லாத்தயும் பொடிப்பொடியா ஊசி முனை மாதிரி துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கணக்கு. காந்தம் வெச்ச எடம் செவப்பு. சுத்தி மஞ்ச. தள்ளிப் போவப் போவப் பச்ச. மரத்துல பழுத்த செந்தூரா தோளுல செவந்து நிக்குமே, அதே மாதிரி! 'ஏங்க, உங்க தல பழுத்திருச்சு, பறிச்சிடலாமா'ன்னு கேட்டேன். இவுரு கூடச் சிரிச்சாரு. எனக்கு ஒரு தல போட்டுக் குடு தம்பி, வூட்டுல வெச்சு நான் பேசிக்கறேன், இதுவும் எதுத்துப் பேசறதில்ல அதுவும் எதுத்துப் பேசாதுன்னேன். என்ன கண்ணு சிரிக்கற? நெசமாத்தான் கேட்டேன்!"

பேரண்டப்பள்ளிக் காட்டைத் தாண்டி வண்டி லாரிகளுக்குள் ஊர்ந்தது. நடத்துநர் வந்து சீட்டுக் கேட்டபோது, சுக்ரா பேச்சை நிறுத்தாமலே கிருஷ்ணகிரிக்கு இரண்டு வாங்கினாள். அந்தப் பெண் வாங்கியது சூளகிரிக்கு என்பதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. முன்னால் ஷேக் தாவூத் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். மடியில் கிடந்த துண்டின் மேல் வலது கை மட்டும், யாரோ கூப்பிடுவதற்குத் தலையாட்டுவதுபோல ஆடிக்கொண்டே இருந்தது.

"ஆனா ஒண்ணு. ஆஸ்பத்திரின்னா நல்லவனும் இருப்பான், நாக்குல நரம்பில்லாதவனும் இருப்பான். மொத நாளு வெவரம் கேட்டு எழுதறதுக்கு ஒரு பையன் வந்தான். சுபாஷு. ஆந்திராவுல குப்பம் பக்கமாம். பாவம், தமிழ்ல தட்டுத் தடுமாறிக் கேக்கறான். பேரு கேக்கவே மூச்சு வாங்குது. எனக்கு மனசு கேக்கல. 'தம்பி, நீ தெலுங்குலயே கேளு, எனக்குத் தெலுங்கு தண்ணி பட்ட பாடு'ன்னேன். ஆமா கண்ணு! எங்க பக்கத்து வூட்டு சென்னம்மா தெலுங்குதான். பாகுன்னாரா, தின்னாரா, ரா, போ... எல்லாம் வரும். கன்னடமும் வரும். மூணு பாஷை! இவுரு என்னமோ வாயத் தொறந்தாரு. நீங்க சும்மா இருங்க, நான் பாத்துக்கறேன்னுட்டேன்.

"நான் போயி இப்பிடி மரியாத குடுக்கறேன், அவன் என்ன கேட்டான் தெரியுமா? அப்பிடியே சொல்றேன் கேளு. 'வணிகேதி ஏ செய்யம்மா? குடியா?' எப்பிடிக் கேக்கறான் பாரு! வணிகம் செய்யறவரு, குடியா! மண்டி வியாபாரின்னா துண்டுக்குள்ள கை, பாட்டிலுக்குள்ள வாயின்னு ஒரு நெனப்பு! குடிச்சுக் குடிச்சுத்தான் கை ஆடுதுன்னு முடிவே கட்டிட்டான்! யாரப் பாத்து? அஞ்சு வேள தொழுவற மனுசனப் பாத்து! சோடா குடிச்சாக் கூட ஏப்பம் வுட வெக்கப்படற ஆளு! எனக்கு வந்துதே... அவனுக்குப் புரியற மாதிரி தெலுங்குலயே குடுத்தேன், காதுன்னா இல்லன்னு அர்த்தம். 'குடி காது! எப்புடூ காது! குடியே காது!' அவன் திகைச்சுப் போயி, 'குடி காதா?'ன்னு திருப்பிக் கேக்கறான். 'காதுன்னா காதுதான், எழுதிக்கடா'ன்னேன். எழுதிக்கிட்டான். இவுரு கை வேற அந்த நேரம் பாத்து என் முந்தானையப் புடிச்சு ஆடிக்கிட்டே இருக்குது. தட்டி வுட்டா மறுபடி வந்து புடிக்குது. நடுக்கம் அன்னிக்கு ரொம்ப.

"என்ன கண்ணு, என்னமோ சொல்ல வந்தியே? இரு இரு, முக்கியமான எடத்துக்கு வந்துட்டேன், அப்பறம் சொல்லு.

"இன்னிக்கு நெசத் தலைக்கு மொத நாளு. என் தோடு, வளையலு எல்லாத்தயும் வெளிய கழட்டி வெச்சுட்டுப் போனோம். நெத்தியில பட்டை கட்டி, அதுல பொட்டு பொட்டா ஒட்டி, கேமரா பாக்குது. தல எங்க, காந்தம் எங்கன்னு திரையில தெரியுது. ஹரீஷு சொல்லச் சொல்ல, அந்த எட்டு வளையத்தக் கொண்டாந்து கம்ப்யூட்டரு காட்டுன எடத்துல வெக்கறாங்க. நான் மனசுக்குள்ள பிஸ்மில்லா சொல்லிட்டேன். டப்பு! கட்ட வெரலு துள்ளுச்சு கண்ணு! தொடாம, புடிக்காம, தலை மேல காந்தம் தட்டுனா கையில வெரலு துள்ளுது! மறுபடி டப்பு, மறுபடி துள்ளு. ஹரீஷு எகிறிக் குதிக்கறான், 'கம்ப்யூட்டரு சொன்ன எடம் இம்மி பிசகல'ன்னு. நான் கை தட்டுறேன். சுபாஷு கை தட்டுறான். கல்யாண வூடு கெட்டுது!

"அப்பறந்தான் பாக்கறேன். துள்ளுனது இடது கை. வலது கை இவுரு மடியில அது பாட்டுக்கு ஆடிக்கிட்டு, நான் இங்க இருக்கேன், என்ன ஒருத்தரும் கேக்கலயேங்குது!

"நான் கேட்டேன், 'ஏந்தம்பி, ஆடற கைய வுட்டுட்டு ஆடாத கைய எதுக்குப்பா ஆட்டற?'

"ஹரீஷு திரையப் பாக்கறான், இவுரப் பாக்கறான், மறுபடி திரையப் பாக்கறான். மூளையில ஒயரு குறுக்கப் போவுதாம். இடது மண்டைக்குள்ளதான் வலது கையோட ஆபீசு இருக்குதாம். இவங்க இடது கைதான் நோவுன்னு நெனச்சு, மெனக்கெட்டு வலது மண்டைக்கு எடம் தேடி வெச்சிருக்காங்க! கம்ப்யூட்டரு மேல தப்பில்ல, கேட்டதுக்குக் கரெக்டாச் சொல்லிருச்சு. கேட்டதே தப்பு. அப்ப அத அப்பிடியே அந்தப் பக்கம் மாத்தி வெச்சிடுப்பா, சட்டையத் திருப்பிப் போடற மாதிரின்னேன். 'இல்லம்மா, ரெண்டு பக்கத்து மடிப்பும் ஒண்ணா இருக்காது, அந்தப் பக்கத்துக்குத் தனியா ஓட்டிப் பாக்கணும்'ங்கறான். சுஜாதா டாக்டரு வந்தாங்க. நல்ல வேள, மொத தட்டுலயே தெரிஞ்சுது, ஒண்ணும் கெட்டுப் போவலன்னாங்க. அப்பறம் சுபாஷப் புடிச்சாங்க பாரு ஒரு புடி! இடதுன்னு யாரக் கேட்டு எழுதுன, கண்ணு எங்க இருந்துதுன்னு. பையன் மொகம் சுண்ணாம்பா வெளுத்துருச்சு. என்னப் பாக்கறான். என்ன எதுக்குப் பாக்கறான்? நான் என்ன பண்ணேன்?

"அப்ப இந்த மகராசன் வாயத் தொறந்தாரு. எல்லாரும் குனிஞ்சு கேக்கறாங்க. 'நான்தாம்மா மாத்திச் சொல்லிட்டேன். பையன ஒண்ணும் சொல்லாதீங்க'ன்னாரு!

"கேட்டியா? கேட்டியா கண்ணு கதைய? சொந்தக் கை! பொறந்ததுல இருந்து தோள்ல தொங்கற கை! அதுல எது வலது எது இடதுன்னு மாத்திச் சொல்லிருக்காரு! எப்ப சொன்னாருன்னு எனக்கே தெரியல, நான் பக்கத்துலயேதான் இருந்தேன். மானமே போச்சு. சரி போனது போவட்டும், அந்தம்மா பெருந்தன்மையா, அடுத்த வாரம் வாங்க பாய், சரியான பக்கத்துக்குப் போட்டு வெக்கறோம்னாங்க. அதுக்கு என்ன சொல்றாரு தெரியுமா? 'நான் வரல!' பிஞ்சு பெருத்துக்கிட்டு இருக்குது, மண்டி தொறக்கப் போவுது, தேடி வந்த சான்சு, நான் வரலயாம்! வழியெல்லாம் ஏன் ஏன்னு கேக்கறேன், பதிலே இல்ல. நான் என்ன கொற வெச்சேன்? எல்லாக் கேள்விக்கும் நான்தான் பதில் சொல்றேன். வாயத் தொறக்கற செரமத்தக் கூட அவுருக்கு வெக்கறதில்ல. இன்னும் என்ன கண்ணு பண்ணணும் ஒரு பொம்பள?"

கோபசந்திரம் தாண்டியிருக்கும். அந்தப் பெண்ணின் போன் அடித்தது. எடுத்து அண்ணனிடம் தெலுங்கில் இரண்டே வார்த்தை பேசினாள். அதில் 'குடி பக்க' என்று ஒன்று வந்தது. சுக்ராவின் காது அதை மட்டும் கொத்திக்கொண்டது.

"யாரு கண்ணு குடி? கூட்டிட்டுப் போவ வர்ற உங்கண்ணனா? பட்டப்பகல்லயா? அதுவும் வண்டி ஓட்டிக்கிட்டா! ஏம்மா, நீ பொம்பளப் புள்ள, அந்த வண்டியில ஏறாத, நான் சொல்றேன்... என்ன? குடிக்கலயா? பின்ன? ... ரோட்டுக்கு எந்தப் பக்கம் நிக்கணும்னு சொன்னியா? ... வலது பக்கமா?

"குடின்னா... வலதா?

"இரு. இரு கண்ணு. அப்ப 'செய்யி'? ... கையா! அப்ப 'வணிகேதி'? வணிகம் இல்லயா? ... நடுங்கறதா!"

சுக்ராவின் வாய் திறந்தபடி நின்றது. நடுங்குவது எந்தக் கை அம்மா, வலதா என்று ஒரு பையன் மரியாதையாகக் கேட்டிருக்கிறான். வலது இல்லை, எப்போதும் இல்லை, வலதே இல்லை, எழுதிக்கொள்ளடா என்று அவளே அடித்துச் சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு சொல்லை நம்பி ஒரு முழுக் கம்ப்யூட்டர், ஒரு மோட்டார்க்காரப் பையன், பழுத்த செந்தூரா போலச் சிவந்த ஒரு தலை, எல்லாம் சேர்ந்து தப்பான பக்கத்தில் மாய்ந்து மாய்ந்து வேலை பார்த்திருக்கின்றன.

முதலில் வந்தது சிரிப்புத்தான். வயிற்றிலிருந்து கிளம்பி, தோளைக் குலுக்கி, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நடத்துநர் திரும்பிப் பார்த்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்த முந்தானையைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"அய்யோ... இவுருக்குத் தெலுங்கு வருமே கண்ணு. மதனப்பள்ளி வியாபாரிங்ககிட்ட எல்லாம் தெலுங்குலதானே பேசுவாரு. அன்னிக்கு என் முந்தானையப் புடிச்சு இழுத்தாரே... அது நடுக்கம் இல்ல. இழுத்திருக்காரு! நிறுத்துடின்னு இழுத்திருக்காரு! நான் தட்டித் தட்டி வுட்டேனே!

"நீ தெலுங்குப் பொண்ணா? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நான் அந்த எடத்துக்கு வந்தப்பவே உனக்குத் தெரிஞ்சு போச்சா? ... சொல்ல வந்தியா? நான்... நான் இரு இருன்னுட்டனா? உன்னயுமா?"

அதற்குள் சூளகிரி வந்துவிட்டிருந்தது. அந்தப் பெண் சுக்ராவின் தோளை ஒரு தரம் அழுத்திவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போயிருந்தாள். சாலையின் அந்தப் பக்கம், வலது பக்கம், பைக்கோடு ஒருவன் நிதானமாக நின்றிருந்தான்.

ஷேக் தாவூதின் பக்கத்து ஆளும் அங்கேயே இறங்கிவிட்டார். சுக்ரா எழுந்து, ஓடும் வண்டியில் கம்பி கம்பியாகப் பிடித்துப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே மாந்தோப்பு ஓடிற்று.

"ஏங்க. குடின்னா வலதாமே."

அவர் தாடி லேசாக அசைந்தது. "ம்."

"தெரிஞ்சிருந்துமா உங்க தப்புன்னு சொன்னீங்க?"

அவர் ஏதோ சொன்னார். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. வேறு நாளாயிருந்தால் அவர் சொன்னதை அவளே சொல்லி முடித்திருப்பாள். இன்று குனிந்து, அவர் வாயருகே காதை வைத்தாள்.

"பையனத் திட்டுனாங்க. உன்னக் காட்டுனா உன்னத் திட்டுவாங்க. வெளியாளு உன்னத் திட்டக் கூடாதில்ல."

சுக்ரா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அப்பறம் ஏன் வரமாட்டேங்கறீங்க?"

மறுபடி காது.

"என் கையப் பத்தி என்னக் கேக்கட்டும்."

அவ்வளவுதான் சொன்னார். அவள் வழியெல்லாம் ஏன் ஏன் என்று கேட்டு, பதிலுக்கு இடமே வைக்காமல் கொட்டித் தீர்த்த கேள்விக்கு இந்தச் சின்னப் பதில் இவ்வளவு நேரமும் முன்சீட்டிலேயே உட்கார்ந்து வந்திருக்கிறது.

அவள் அவர் மடியிலிருந்த துண்டை எடுத்து உதறினாள். அவருடைய வலது கையைத் தன் கைக்குள் வாங்கி, இரண்டு கையின் மேலும் துண்டைப் போர்த்தினாள். எந்த மண்டியிலும் ஒரு பெண் அப்படிப் பேரத்துக்கு உட்கார்ந்ததில்லை. ஷேக் தாவூத் புருவத்தை உயர்த்தினார்.

"அடுத்த வாரம் வரணும். நீங்கதான் பேசணும். எத்தன நேரம் ஆனாலும் சரி, அவங்க குனிஞ்சு கேக்கட்டும். நான் பக்கத்துல வாயத் தொறக்காம குந்தியிருப்பேன். இதான் என் வெல."

துண்டுக்குள் கை குலுங்கிற்று.

"முடிஞ்சுது!" என்று கத்தினாள் சுக்ரா. "குலுக்கிட்டீங்க! முடிஞ்சுது!"

"அது நான் இல்ல. நோவு."

"அதெல்லாம் செல்லாது. துண்டுக்குள்ள குலுக்குனா குலுக்குனதுதான். தோத்தாபுரி லோடு போன அன்னிக்கு யாரு சொன்னது? சொல்லுங்க, யாரு சொன்னது?"

ஷேக் தாவூத் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு, காதை வைக்காமலே கேட்கிற சிரிப்பு. பின்சீட்டில் தூங்கிய ஒருவர் விழித்துப் பார்த்தார். அப்புறம் துண்டுக்குள் அவர் விரல்கள் ஒவ்வொன்றாக அவள் கையைச் சுற்றி மடிந்தன. கடைசியாகக் கட்டை விரல் வந்து மேலே உட்கார்ந்தது. அழுத்திப் பிடித்த பிடியில் நடுக்கம் அடங்கியிருந்தது. மெதுவாக, ஒரே ஒரு தரம், அவராகக் குலுக்கினார்.

எது நோவின் குலுக்கல், எது அவருடையது என்று சொல்ல சுக்ராவுக்குக் கம்ப்யூட்டர் வேண்டியிருக்கவில்லை.

இதை உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று அவளுக்கு நாக்கு துடித்தது. திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் இடத்தில் யாரோ ஒரு புதுப் பாட்டி வெற்றிலைப் பையோடு, பேச்சுத் துணைக்கு ஆள் தேடும் முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். சுக்ரா வாயைத் திறந்தாள். ஒப்பந்தம் அடுத்த வாரத்திலிருந்தா, இப்போதிருந்தேவா என்று ஒரு சந்தேகம் வந்தது. துண்டுக்குள் பிடி இன்னும் விடவில்லை.

சரி, அடுத்து வரும் குருபரப்பள்ளி வரைக்கும் தாக்குப்பிடிக்க முடிகிறதா பார்ப்போம் என்று வாயை மூடிக்கொண்டாள்.